டெல்லியைக் கால வரிசையில் பார்ப்பது எப்படி: நான்கு நாள் வழிகாட்டி

டெல்லி சுற்றுலாப் பேருந்துகள் காலையில் செங்கோட்டையில் ஆரம்பித்து, மதியம் இந்தியா கேட்டைக் காட்டி, மாலையில் குதுப் மினாரில் கொண்டுபோய் இறக்கிவிடும். அதாவது முதலில் 17ஆம் நூற்றாண்டு, அப்புறம் 20, கடைசியில் 12. இப்படிப் பார்த்தால் எல்லாம் சிவப்புக் கல், எல்லாம் குவிமாடம். ஊர் திரும்பிய பிறகு எது யார் கட்டியது என்பது போட்டோவைப் பார்த்தாலும் நினைவுக்கு வராது.

இதற்கு நான் சொல்லும் வழி எளிது. கட்டப்பட்ட வரிசையிலேயே பாருங்கள். டெல்லி ஒரே இடத்தில் வளர்ந்த நகரம் அல்ல. ஒவ்வொரு அரசரும் பழையதை விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டார். மெஹ்ரௌலி, சிரி, துக்ளகாபாத், ஜஹான்பனா, ஃபிரோசாபாத், பழைய கோட்டை, ஷாஜஹானாபாத், கடைசியாகப் புது டெல்லி. ஏறக்குறைய தெற்கில் தொடங்கி வடக்கே நகர்ந்த கதை இது. புது டெல்லி மட்டும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. மெட்ரோவின் மஞ்சள் தடமும் அதே பாதையில் போகிறது. குதுப் மினார், ஹவுஸ் காஸ், ஜோர் பாக், சென்ட்ரல் செக்ரடேரியட், சாந்தினி சௌக் எல்லாமே அந்த ஒரே தடத்தில் இருக்கின்றன. அதனால் அறை எடுக்கும்போது மஞ்சள் தட நிலையம் ஒன்றுக்கு நடந்துபோகும் தூரத்தில் எடுங்கள். பாதி அலைச்சல் அங்கேயே தீர்ந்துவிடும்.

கிளம்பும் முன்

மாதம்: பிப்ரவரியும் மார்ச் முதல் பாதியும்தான் என் தேர்வு. அக்டோபரும் பரவாயில்லை. நவம்பரில் காற்று மோசமாக இருக்கும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனியில் ரயிலும் விமானமும் மணிக்கணக்கில் தாமதமாகும். மே, ஜூன் வெயிலில் இந்தத் திட்டத்தை நினைத்தே பார்க்க வேண்டாம். பார்க்க வேண்டியவற்றில் பெரும்பாலானவை திறந்தவெளி. ஜனவரி 26க்கு முன்னால் கர்தவ்ய பத் (முன்பு ராஜ்பாத்) பக்கமும், ஆகஸ்ட் 15க்கு முன்னால் செங்கோட்டையும் பாதுகாப்புக்காக மூடப்படும்.

கிழமை: இதுதான் பலர் கோட்டை விடும் இடம். திங்கட்கிழமை செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், காந்தி ஸ்மிருதி மூன்றுக்குமே விடுமுறை. ஞாயிறன்று சாந்தினி சௌக்கில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வியாழன் மாலை நிஜாமுதீன் தர்காவில் கவ்வாலி என்ற சூஃபி பக்திப் பாட்டு. இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் புதன்கிழமை தொடங்குவது சரியாக வருகிறது: புதன் மெஹ்ரௌலி, வியாழன் லோதி முதல் நிஜாமுதீன் வரை, வெள்ளி ஷாஜஹானாபாத், சனி புது டெல்லி.

டிக்கெட்: தொல்லியல் துறை இடங்களுக்கு ஆன்லைனில் எடுத்தால் கட்டணம் கொஞ்சம் குறைவு, வரிசையும் இல்லை. 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். குதுப் வளாகமும் ஹுமாயூன் கல்லறையும் வாரம் முழுவதும் திறந்திருக்கும்.

இன்னும் ஒன்று. புது டெல்லி ரயில் நிலைய வாசலில் யாராவது வந்து "டிக்கெட் ஆபீஸ் மூடிட்டாங்க, நான் வேற இடம் காட்டுறேன்" என்று இந்தியிலோ ஆங்கிலத்திலோ சொன்னால் பதில் சொல்லாமல் நடந்துகொண்டே இருங்கள். ஆட்டோவுக்கு ஆப்பில் காட்டும் தொகையைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

முதல் நாள்: மெஹ்ரௌலி

குதுப் மினார் மெட்ரோ நிலையத்திலிருந்து வளாகத்துக்கு ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் இருக்கும்; ஆட்டோ எடுங்கள். காலையில் திறந்தவுடன் உள்ளே இருந்தால் பள்ளிப் பிள்ளைகளின் சுற்றுலாப் பேருந்துகள் வருவதற்குள் நிதானமாகப் பார்த்துவிடலாம். இந்த ஒரு வளாகத்துக்கு மூன்று மணி நேரம் கொடுங்கள். டெல்லியில் மற்ற எல்லாவற்றையும் புரிந்துகொள்ள இங்கே பார்ப்பதுதான் அடிப்படை.

மினார் எங்கும் ஓடிப்போகாது. முதலில் குவ்வத்துல் இஸ்லாம் பள்ளிவாசலின் முற்றத்துக்குப் போங்கள். சுற்று மண்டபத்துத் தூண்களில் மணியும் சங்கிலியும் பூவேலைப்பாடுமாக இருக்கும். இருபத்தேழு கோயில்களின் கற்களைக் கொண்டு கட்டியதாகக் கிழக்கு வாசல் கல்வெட்டே சொல்கிறது. இந்து, சமணக் கோயில் தூண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து உயரம் கூட்டப்பட்டிருப்பதை வெறும் கண்ணாலேயே காணலாம்.

அப்படியே மேற்குப் பக்கம் திரும்பி, உயரமாக நிற்கும் வளைவுச் சுவரைப் பாருங்கள். பிறகு டெல்லியின் முதல் சுல்தானான குத்புதீன் ஐபக் காலத்தில், 1190களின் கடைசியில் எழுப்பியது. பார்க்க வளைவுதான், கட்டிய முறை வளைவு முறை அல்ல. கற்களைப் படுக்கை வாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக முன்தள்ளி அடுக்கி, உச்சியில் சேர்த்து, பிறகு விளிம்பை வளைவாகச் செதுக்கியிருக்கிறார்கள். கட்டச் சொன்னவருக்கு வளைவு வேண்டும். கட்டிய உள்ளூர்க் கல்தச்சர்களுக்குத் தெரிந்தது தூணும் உத்திரமும். நம் ஊர்க் கோயில் மண்டபங்களும் அதே தூண், உத்திர முறைதான் என்பதால் நமக்கு இது சட்டென்று பிடிபடும். இந்த வளைவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மூன்று நாளும் இதோடு ஒப்பிட்டுக்கொண்டே போகப்போகிறோம்.

முற்றத்தின் நடுவே இரும்புத் தூண். உயரம் சுமார் 7 மீட்டர், எடை 6 டன்னுக்கு மேல். பிராமி எழுத்தில் 'சந்திர' என்ற அரசரைப் புகழும் கல்வெட்டு இருக்கிறது. அவர் இரண்டாம் சந்திரகுப்தர் என்பது பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. அப்படியானால் வயது 1,600 ஆண்டு. வேறெங்கோ நின்ற தூண் பிற்காலத்தில் இங்கே வந்தது. துருப்பிடிக்காததற்கு மந்திரம் எதுவும் இல்லை. அந்தக் கால உருக்குமுறையில் இரும்பில் பாஸ்பரஸ் அதிகம் தங்கிவிட்டது. அது மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலத்தை உருவாக்கிவிட்டது. முதுகைச் சாய்த்துப் பின்கையால் தூணைக் கட்டிப்பிடித்தால் அதிர்ஷ்டம் என்று முன்பெல்லாம் வரிசையில் நின்று பிடிப்பார்கள். இப்போது வேலி போட்டிருக்கிறார்கள்.

இப்போது மினாருக்கு வரலாம். 72.5 மீட்டர், ஐந்து அடுக்கு. ஐபக் தொடங்கினார், இல்துத்மிஷ் தொடர்ந்தார். இடி விழுந்து சேதமான உச்சியை ஃபிரோஸ் ஷா துக்ளக் 14ஆம் நூற்றாண்டில் திருத்திக் கட்டினார். மேல் இரண்டு அடுக்குகளில் வெள்ளைப் பளிங்கு கலந்திருப்பது அதனால்தான். கீழ் அடுக்கின் வெளிப்புறத்தில் செங்குத்தான வரிகள் ஒன்று கூர்முனை, ஒன்று உருளை என்று மாறி மாறி வரும்; இரண்டாவதில் உருளை மட்டும், மூன்றாவதில் கூர்முனை மட்டும். 1981இல் உள்ளே படிக்கட்டில் நடந்த நெரிசலில் 45 பேர் இறந்த பிறகு மேலே ஏற அனுமதி இல்லை. புல்வெளியில் தனியாக ஒரு சிறு கல் மண்டபம் இருக்கும். மினாரின் உச்சிக்கு 1828இல் ஒரு பிரிட்டிஷ் பொறியாளர் வைத்த தொப்பி அது. பொருந்தவில்லை என்று 20 ஆண்டு கழித்து இறக்கிவிட்டார்கள். பார்த்தால் இறக்கியது சரிதான் என்று உங்களுக்கும் தோன்றும்.

அடுத்து அலாய் தர்வாசா. அலாவுதீன் கில்ஜியின் வாசல் மண்டபம், 1311. இங்கேதான் ஆப்பு வடிவக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடிக்கும் உண்மையான வளைவும், அதன்மேல் முறையான குவிமாடமும் நன்கு தேர்ந்த கையால் வந்திருக்கின்றன. காலையில் பார்த்த வளைவுக்கும் இதற்கும் இடையே ஒரு நூறு ஆண்டு. அலாவுதீனின் தளபதி மாலிக் காபூர் படையோடு மதுரை வரை வந்ததும் இதே 1311இல்தான். அந்தப் படையெடுப்பை எழுதிவைத்த கவிஞர் அமீர் குஸ்ராவின் கல்லறையை நாளை பார்ப்போம்.

குதுப் மினாரைப் போல் இரண்டு மடங்கு உயரத்தில் அலாவுதீன் தொடங்கிய அலாய் மினார், 24 மீட்டர் அளவில் அரைகுறையாக நிற்கிறது. பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

மதியத்துக்குப் பிறகு பக்கத்திலேயே மெஹ்ரௌலி தொல்லியல் பூங்கா. கட்டணம் இல்லை, கூட்டமும் இல்லை. சுல்தான் பல்பனின் கல்லறை இடிந்து கிடக்கிறது, ஆனால் இந்தியாவில் உண்மையான வளைவு வந்த மிகப் பழைய கட்டடங்களில் இதுவும் ஒன்று, 1280களைச் சேர்ந்தது. ராஜோன் கி பாவ்லி என்ற படிக்கிணறு 1506இல் கட்டியது, நான்கு தளம் இறங்குகிறது. ஜமாலி கமாலி பள்ளிவாசலும் அங்கேயே. ஒட்டியுள்ள கல்லறையின் வண்ண உட்கூரை அழகானது, பூட்டியிருந்தால் காவலரிடம் கேட்டுப் பாருங்கள். பாதைகளில் பலகைகள் குறைவு, மேப் போட்டுக்கொண்டே நடங்கள். இருட்டும் முன் வெளியே வந்துவிட வேண்டும்.

தெம்பு மிச்சமிருந்தால் திரும்பும் வழியில் ஹவுஸ் காஸ். அலாவுதீன் வெட்டிய ஏரி, அதன் கரையில் ஃபிரோஸ் ஷா 1350களில் கட்டிய மதரஸா, அவருடைய கல்லறை. சுண்ணாம்பு பூசிய கனத்த, அலங்காரமில்லாத சுவர்கள். கில்ஜியின் சிவப்புக்கல் நுணுக்கத்துக்கு நேர் எதிர்.

துக்ளகாபாத் கோட்டையை இந்த நாளில் திணிக்காதீர்கள். கியாசுதீன் துக்ளக் 1321இல் தொடங்கிய பிரம்மாண்டக் கோட்டைதான். ஆனால் தனியே விலகி இருக்கிறது, நிழலே கிடையாது. இடிபாடுகளில் அலைவது பிடிக்கும் என்பவர்கள் மட்டும் ஒரு தனி அதிகாலையை அதற்கு ஒதுக்குங்கள்.

இரண்டாம் நாள்: லோதிகள் முதல் ஹுமாயூன் வரை

ஜோர் பாக்கில் இறங்கி லோதி தோட்டத்துக்குக் காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். இலவசம். நடைப்பயிற்சிக்காரர்கள் கல்லறைகளைச் சுற்றி வேகமாக நடந்துகொண்டிருப்பார்கள். இங்கே இரண்டு வடிவங்களைக் கவனித்தால் போதும். முகமது ஷா சையதின் கல்லறை எண்கோணம், சுற்றிலும் தாழ்வாரம். ஷீஷ் கும்பத் சதுரம், வெளியிலிருந்து இரண்டு மாடி போலத் தெரியும், உள்ளே ஒரே கூடம். பெரும்பாலும் எண்கோணம் அரசருக்கு, சதுரம் பிரபுக்களுக்கு. வடக்கு மூலையில் சிக்கந்தர் லோதியின் கல்லறை, 1517ஐ ஒட்டியது. மதில் சூழ்ந்த தோட்டத்துக்குள் கல்லறை என்ற யோசனை இங்கே முளைவிட்டிருக்கிறது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரட்டை ஓடு கொண்ட குவிமாடத்துக்கும் இதுவே ஆரம்ப கால உதாரணம்.

அடுத்து பழைய கோட்டை. ஹுமாயூன் 1533இல் தொடங்கிய தீன்பனா நகரம். ஷேர் ஷா அவரைத் துரத்திவிட்டு இதே இடத்தில் கட்டிய கிலா-இ-குஹ்னா பள்ளிவாசல் (1541) கோட்டைக்குள் முதலில் பார்க்க வேண்டியது. பிறகு ஷேர் மண்டல் என்ற சின்ன எண்கோணக் கட்டடம். நாட்டைத் திரும்பப் பிடித்த ஹுமாயூன் 1556 ஜனவரியில் இதன் படிக்கட்டில் தவறி விழுந்துதான் இறந்தார். இங்கிருந்து நேராக அவருடைய கல்லறைக்குப் போவது அதனால்தான் பொருத்தம்.

மதியச் சாப்பாடு முடித்து மூன்று மணி வாக்கில் ஹுமாயூன் கல்லறை. நுழைந்ததும் வலப்பக்கம் ஈசா கானின் கல்லறை (1547) இருக்கிறது. பலர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நீங்கள் உள்ளே போங்கள். காலையில் பார்த்த அதே எண்கோணம், நூறு ஆண்டு கழித்தும் மாறாமல். அதிலிருந்து ஹுமாயூன் கல்லறை இருபதே ஆண்டு தூரம். ஆனால் அளவு, தோட்டம், வெள்ளைப் பளிங்குக் குவிமாடம் எல்லாமே வேறு உலகம். ஹுமாயூனின் மனைவி பேகா பேகம் கட்டுவித்தது, வடிவமைத்தவர் பாரசீகத்திலிருந்து வந்த மிராக் மிர்சா கியாஸ், ஏறத்தாழ 1570இல் முடிந்தது. தாஜ் மகாலுக்கு அறுபது ஆண்டு முந்தையது. நீர் வாய்க்கால்கள் தோட்டத்தைச் சதுரங்களாகப் பிரிப்பதை மேடை மீது ஏறி நின்று பாருங்கள்.

மேடையில் வரிசை வரிசையாகப் பெயரில்லாத முகலாயக் கல்லறைகள் இருக்கும். ஷாஜகானின் மகன் தாரா ஷுகோவும் இவற்றில் ஏதோ ஒன்றில் என்பார்கள். 1857 செப்டம்பரில் டெல்லி வீழ்ந்தபோது கடைசி முகலாயர் பகதூர் ஷா ஜஃபர் இங்கேதான் ஒளிந்திருந்தார், இங்கேயே பிடிபட்டார். 1947இல் பிரிவினை அகதிகள் இந்தத் தோட்டத்திலும் பழைய கோட்டையிலும் முகாமிட்டிருந்தார்கள். வாசல் பக்கம் 2024இல் திறந்த நிலத்தடி அருங்காட்சியகம் இருக்கிறது. நேரம் இடித்தால் அதை விட்டுவிடலாம்.

சாலையைக் கடந்தால் நிஜாமுதீன் பஸ்தி. கன்னியாகுமரியிலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸில் வருபவர்கள் இறங்கும் நிலையத்தின் பெயர் இந்தப் பெரியவருடையதுதான். சூஃபி ஞானியான நிஜாமுதீன் அவுலியா 1325இல் மறைந்தார். அவருடைய சீடர் அமீர் குஸ்ராவும் அதே ஆண்டு. அவுலியாவோடு மல்லுக்கு நின்ற கியாசுதீன் துக்ளக்கும் அதே ஆண்டு ஊர் திரும்பும் வழியில் மண்டபம் சரிந்து இறந்தார். "டெல்லி இன்னும் தூரம்" என்று அவுலியா சொன்னதாக வழங்கும் கதை இதை வைத்து வந்தது.

தர்காவுக்குச் சில நடைமுறைகள். தலையை மூட ஒரு துணி கையில் இருக்கட்டும். சந்தில் நுழைந்ததும் பூக்கடைக்காரர்கள் "செருப்பு இங்கேயே" என்று அழைப்பார்கள். பூ வாங்கினால்தான் விடலாம் என்பதில்லை, உள்வாசல் வரை செருப்போடு போகலாம். நோட்டுப் புத்தகத்தோடு நன்கொடை கேட்பவர்களிடம் புன்னகைத்துவிட்டு நகரலாம். முதலில் குஸ்ராவைப் பார்த்துவிட்டு அப்புறம் அவுலியாவிடம் போவது வழக்கம். கருவறை போன்ற உள்ளிடத்துக்குள் பெண்களை விடுவதில்லை. வெளியில் சல்லடைக் கல் சாளரத்தருகே உட்காரலாம். அங்கேயே ஷாஜகானின் மகள் ஜஹானாராவின் கல்லறை: கூரை கிடையாது, மேலே புல் வளர மண். தன் கல்லறையைப் பசும்புல் தவிர வேறெதுவும் மூடக் கூடாது என்று அவர் எழுதிவைத்த வரி தலைமாட்டில் பாரசீகத்தில் இருக்கிறது. மாலைத் தொழுகைக்குப் பிறகு முற்றத்தில் கவ்வாலி தொடங்கும். அரை மணி முன்னதாகவே இடம் பிடித்துவிடுங்கள்.

மூன்றாம் நாள்: ஷாஜஹானாபாத்

வெள்ளிக்கிழமை என்பதால் ஜாமா மசூதியைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். தொழுகை நேரங்களில் பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை, ஜும்மாவுக்குக் கூட்டம் முன்பே சேரத் தொடங்கும். 1650 முதல் 1656 வரை கட்டியது. முற்றத்தில் 25,000 பேர் தொழலாம். தெற்கு மினார் ஏறத் திறந்திருந்தால் ஏறுங்கள். செங்கோட்டையும் சாந்தினி சௌக்கும் எப்படி அமைந்திருக்கின்றன என்பது மேலிருந்துதான் புரியும்.

பிறகு செங்கோட்டை. 1639இல் அடிக்கல், 1648இல் குடிபுகுந்தார்கள். லாஹோரி கேட், கூரையிட்ட சட்டா சௌக் கடைத்தெரு, முரசு மண்டபம், திவான்-இ-ஆம் (பொது தர்பார்), திவான்-இ-காஸ் (தனி தர்பார்) என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகலாம். திவான்-இ-காஸில் இருந்த மயிலாசனத்தை 1739இல் பாரசீக மன்னர் நாதிர் ஷா தூக்கிப்போனார். உள்ளே பெரிய பெரிய புல்வெளிகளைப் பார்த்து இவ்வளவுதானா என்று தோன்றும். அங்கே அந்தப்புர மாளிகைகள் இருந்தன. 1857க்குப் பிறகு பிரிட்டிஷார் பெரும்பகுதியை இடித்துத் தள்ளிவிட்டு ராணுவக் குடியிருப்புகளைக் கட்டினார்கள். பார்க்க அழகில்லாத அந்தக் குடியிருப்புகளைத் தவிர்க்காதீர்கள். அவற்றில் இப்போது அருங்காட்சியகங்கள் இருக்கின்றன, நேதாஜிக்கும் இந்திய தேசிய ராணுவத்துக்குமான ஒன்று உட்பட. 1945 நவம்பரில் அந்தப் படையின் அதிகாரிகளான ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவர் மீதும் விசாரணை தொடங்கியது இந்தக் கோட்டைக்குள்தான். மலாயாத் தோட்டங்களிலிருந்து அந்தப் படையில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். குடும்பத்தில் யாராவது போயிருந்தால் இங்கே நிதானமாக நில்லுங்கள். நேரு முதன்முதலில் செங்கோட்டையில் கொடியேற்றியது 1947 ஆகஸ்ட் 16 அன்று, 15 அல்ல.

மாலையில் சாந்தினி சௌக். ஜஹானாரா வடிவமைத்த தெரு. ஒருகாலத்தில் நடுவே வாய்க்கால் ஓடியது. இப்போது பகலில் மோட்டார் வண்டிகளுக்குத் தடை என்பதால் நடக்கலாம், சைக்கிள் ரிக்‌ஷா கிடைக்கும். கோட்டைப் பக்கமிருந்து மேற்கே நடந்தால் வரிசையாக வருபவை: பறவை மருத்துவமனையோடு உள்ள சமணர்களின் லால் மந்திர், சீக்கிய குரு தேக் பகதூர் 1675இல் கொல்லப்பட்ட இடத்தில் சீஸ் கஞ்ச் குருத்வாரா, அதை ஒட்டி நாதிர் ஷா அமர்ந்து நகரப் படுகொலைக்கு உத்தரவிட்ட சுனெஹ்ரி மசூதி, கடைசியில் ஃபதேபுரி மசூதி. அதற்கும் அப்பால் காரி பாவ்லி மசாலா சந்தை. மிளகாய் நெடியில் எல்லோரும் தும்முவார்கள், நீங்களும்தான். கவிஞர் காலிபின் வீடு பல்லிமாறன் பக்கம் காசிம் ஜான் சந்தில்.

நான்காம் நாள்: புது டெல்லி

தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்றுவதாக ஐந்தாம் ஜார்ஜ் 1911 டிசம்பர் 12 அன்று அறிவித்தார். நகரம் 1931இல்தான் திறப்பு விழா கண்டது. குடியரசுத் தலைவர் மாளிகைக்கு ஆன்லைனில் முன்பதிவு செய்யாமல் போக முடியாது. சனிக்கிழமை காலை காவலர் மாற்றும் அணிவகுப்புக்கும் அப்படியே. இடம் கிடைக்காவிட்டாலும் ஒன்று செய்யலாம். இந்தியா கேட் பக்கமிருந்து விஜய் சௌக்கை நோக்கி நடங்கள். நெருங்க நெருங்க மாளிகை பெரிதாக வேண்டும் அல்லவா? இங்கே மேட்டுக்குப் பின்னால் மறைந்துகொண்டே போய்க் குவிமாடம் மட்டும் மிஞ்சும். சாலையின் சரிவைப் பற்றிக் கட்டடக் கலைஞர்கள் லட்யென்ஸுக்கும் பேக்கருக்கும் பெரிய சண்டையே நடந்தது. அந்தக் குவிமாடத்தைச் சுற்றியுள்ள கல்வேலி சாஞ்சி தூபியிலிருந்து எடுத்தது. மூன்று நாளாகப் பார்த்த சத்ரிகளும் (தூண்கள் மேல் நிற்கும் குடை போன்ற சிறு குவிமாடங்கள்) தாழ்வாரச் சாய்ப்புகளும் இந்த வெள்ளைக்காரக் கட்டடங்களிலும் இருப்பதை இப்போது நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

தேசிய அருங்காட்சியகத்தில் எல்லாக் கூடங்களையும் பார்க்க முயல வேண்டாம். மொகஞ்சதாரோ நடன மங்கையும் (10.5 செ.மீ. உயரம்தான்) சோழர் செப்புத் திருமேனிகளும் போதும். அருங்காட்சியகத்தை நார்த் பிளாக், சவுத் பிளாக்குக்கு மாற்றும் திட்டம் இருப்பதால், எந்தக் கூடங்கள் திறந்திருக்கின்றன என்று இணையதளத்தில் முன்பே பார்த்துவிடுங்கள். ஜந்தர் மந்தர் என்ற வானியல் கூடத்துக்கு (1724) அரை மணி நேரம்.

பிற்பகலை காந்தி ஸ்மிருதிக்கு வையுங்கள். கடைசி 144 நாட்கள் காந்தி தங்கியிருந்த பிர்லா வீடு. அவர் அறையிலிருந்து பிரார்த்தனைத் திடல் வரை காலடித் தடங்களைக் கல்லில் பதித்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை, கூட்டமும் பெரும்பாலும் இருப்பதில்லை. மஞ்சள் தடத்தில் லோக் கல்யாண் மார்க் நிலையம் பக்கம்.

இன்னொரு நாள் கையில் இருந்தால்

ஃபிரோஸ் ஷா கோட்லாவுக்குப் போங்கள். ஃபிரோஸ் ஷா ஹரியானாவின் தோப்ராவிலிருந்து ஓர் அசோகர் தூணை இலவம்பஞ்சு மெத்தையில் சாய்த்து, 42 சக்கர வண்டியில் ஏற்றி, யமுனையில் படகில் கொண்டுவந்து மாடிக் கட்டடத்தின் உச்சியில் நிறுத்தினார். அதில் எழுதியிருப்பது என்ன என்று அவர் காலத்தில் யாராலும் படிக்க முடியவில்லை. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் என்ற ஆங்கிலேய அறிஞர்தான் படித்தார். வியாழக்கிழமைகளில் மக்கள் இங்கே ஜின்களுக்குக் கடிதம் எழுதிச் சுவர்ப் பொந்துகளில் வைப்பார்கள். கூட்டம் வேண்டாம் என்றால் வேறு நாளில் போகலாம். வயலெட் தடத்தில் டெல்லி கேட் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம், கிரிக்கெட் மைதானத்துக்கு அடுத்த வளாகம்.